சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லித் தரத் தொடங்கியதிலிருந்து, பெற்றோரும் புதிதாக வரும் ஆசிரியர்களும் என்னிடம் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். பிரெஞ்சுச் சொற்களின் ஒலியைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அது தோராயமானதுதான். ஏன் தோராயம் என்பதற்கும் கீழே ஒரு பதில் இருக்கிறது.

எந்த வயதில் ஆரம்பிக்கணும்? ஏழெட்டு வயசுக்குள் ஆரம்பிக்காவிட்டால் பிறகு வராது என்கிறார்களே?

பிறகும் வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1960களில் 8 வயதிலேயே பிரெஞ்சு தொடங்கும் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. அதன் மதிப்பீட்டு அறிக்கை 1974இல் வந்தது. 8 வயதில் தொடங்கியவர்களையும் 11 வயதில் தொடங்கியவர்களையும் அவர்களின் 16ஆம் வயதில் ஒப்பிட்டபோது, கேட்டுப் புரிந்துகொள்வதில் மட்டும்தான் முதல் கூட்டம் முன்னால் இருந்தது. பெரிய பிள்ளைகள் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள், இடைவெளியைச் சீக்கிரம் அடைத்துவிடுகிறார்கள்.

வயதைவிட, காதில் விழும் மணி நேரம்தான் கணக்கு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சேன் லாம்பேர் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு 1965இல் மழலையர் வகுப்பிலிருந்தே எல்லாவற்றையும் பிரெஞ்சில் நடத்தத் தொடங்கினார்கள். அந்த முறையில் படித்த பிள்ளைகளுக்குப் புரிதல் அருமையாக வந்தது. ஆனால் அவர்களும் பல வருடம் கழித்துக்கூட, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆண்பாலுக்கு வரும் 'லெ', பெண்பாலுக்கு வரும் 'லா' இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாரம் ஒரு பீரியட் நடத்தும் நாம் நம் பிள்ளைகளிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று இதை வைத்தே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் சின்ன வயதில் எதற்கு? அந்த வயதில் கூச்சம் கிடையாது. கேட்ட ஒலியை அப்படியே திருப்பிச் சொல்லிப் பார்க்கும் ஆசை இருக்கிறது. ஒரே விளையாட்டை இருபது முறை ஆடினாலும் அலுக்காது. எனக்கு அது போதும்.

எனக்கே பிரெஞ்சு கொஞ்சம்தான் தெரியும். நான் சொல்லிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், உங்களுக்குத் தெரிந்த அந்தக் கொஞ்சம் சுத்தமாக இருந்தால். சின்ன வகுப்புக்கு முப்பது நாற்பது வாக்கியங்கள் தடுமாற்றமில்லாமல் வந்தால் போதும். 'எகூத்தே' (கேளுங்கள்), 'ரகார்தே' (பாருங்கள்), 'ரெபெத்தே' (திருப்பிச் சொல்லுங்கள்), 'லவே வூ' (எழுந்திருங்கள்), 'அசேயே வூ' (உட்காருங்கள்) என்று வகுப்பை நடத்தும் சொற்களிலிருந்து தொடங்குங்கள். தினமும் வாயில் புரள்பவை இவைதான், பிள்ளைகளுக்கு முதலில் பதிவதும் இவைதான்.

உங்கள் உச்சரிப்பில் நம்பிக்கை இல்லாத சொல்லுக்கு, தாய்மொழிக்காரர் பேசிய ஒலிப்பதிவை வகுப்பில் ஓட்டுங்கள். நீங்களும் பிள்ளைகளோடு சேர்ந்து திருப்பிச் சொல்லுங்கள். ஆசிரியரும் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளைகள் மதிப்புக் குறைப்பதில்லை. தவறான உச்சரிப்பைத் தெம்பாகச் சொல்லிக் கொடுத்தால்தான் பிரச்சினை, ஏனென்றால் பிள்ளைகள் அதையும் அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

முதல் வகுப்பில் என்ன? எழுத்துகள்தானே?

வேண்டாம். எழுத்துகளின் பெயர்களை முதல் நாளே ஆரம்பித்தால் ஆங்கில எழுத்துகளோடு மோதும். ஆங்கில 'ஜி'யின் பெயர் பிரெஞ்சில் 'ஜே', ஆங்கில 'ஜே'யின் பெயர் 'ஜி'. ஆங்கிலத்தில் 'ஈ' என்று கேட்கும் ஒலி பிரெஞ்சில் ஆங்கில 'ஐ' எழுத்தின் பெயர். ஆங்கில எழுத்துகளே இன்னும் படியாத பிள்ளைக்கு இது வீண் தலைவலி.

வணக்கம் சொல்லி, பெயர் சொல்லிக் கேட்டு, போய் வருகிறேன் சொல்லி முடித்தால் முதல் வகுப்பு நிறைவு. 'போன்ஜூர்', 'ஜ மாபெல்' என்று சொல்லித் தன் பெயர், 'ஓ ர்வார்'. ஒரு பந்தைக் கையில் கொடுத்து, பந்து யாரிடம் போகிறதோ அவர் பெயர் சொல்லட்டும். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் காட்ட ஒரு வாக்கியம் இருந்தால் அடுத்த வகுப்புக்குக் காத்திருப்பார்கள்.

வாரத்துக்கு ஒரே பீரியட். அதில் என்ன வந்துவிடப் போகிறது?

40 நிமிடம் வீதம் 36 வாரம் என்றால் வருடத்துக்கு 24 மணி நேரம். குறைவுதான். ஆனால் அதை வெட்டிப் பயன்படுத்தினால் பலன் கூடும். முடிந்தால் 40 நிமிடத்தை இரண்டு இருபதாகப் பிரியுங்கள். ஏழு நாள் இடைவெளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய எல்லாமே மறந்துவிடும், மூன்று நாளில் அவ்வளவு மறப்பதில்லை.

அதைவிட நல்ல வழி, பிரெஞ்சைப் பீரியடுக்கு வெளியே கசிய விடுவது. வருகைப் பதிவின்போது பிரெஞ்சில் பதில், கரும்பலகையில் கிழமை பிரெஞ்சில், 'வானிலை எப்படி' என்று கேட்டால் 'இல் ஃபே போ' (நன்றாக இருக்கிறது) என்று ஒரு பதில், வரிசையில் நிற்கும்போது எண்ணிக்கை. தினம் ஐந்து நிமிடம் என்றாலும் வாரத்துக்கு 25 நிமிடம் கூடுகிறது. இதற்கு மற்ற பாட ஆசிரியர்களின் ஒத்துழைப்பு வேண்டும். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுப்பதில்லை.

அந்த மூக்கொலி எப்படி வரவைக்கிறது? எங்கள் பிள்ளைகளுக்கு 'ன்'தான் வருகிறது.

நம் பிள்ளைகளிடம் அது ஏற்கெனவே இருக்கிறது! எழுத்தில் 'வந்தான்' என்று எழுதினாலும் பேசும்போது கடைசி 'ன்'னில் நாக்கு மேலே ஒட்டுவதில்லை. 'ஆ' மூக்கு வழியாகப் போய் முடிந்துவிடுகிறது. 'வந்தேன்' என்று வேகமாகச் சொன்னால் 'ஏ' அப்படிப் போகும். 'மரம்' என்பதன் பேச்சொலியில் கடைசியில் 'ஓ' அப்படிப் போகும். இந்த மூன்றுமே பிரெஞ்சுக்குத் தேவையானவை. 'பான்' (பெஞ்சு), 'பேன்' (குளியல்), 'போன்' (நல்ல) என்ற மூன்று சொற்களையும் வந்தான், வந்தேன், மரம் ஆகியவற்றின் பேச்சொலியோடு சேர்த்துப் பழக்குங்கள். ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகள் திணறும் இடத்தை நம் பிள்ளைகள் சுலபமாகத் தாண்டுவார்கள். வேகத்தில் 'ன்' திரும்ப ஒட்டிக்கொண்டால் 'வந்தான் சொல்லு' என்று நினைவூட்டினால் போதும்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல் முதலில் வரும் வல்லின ஒலிகளோடு ஒரு மூச்சுக் காற்று வெளியே வரும். பிரெஞ்சில் வராது, தமிழிலும் வராது. நம் 'ப', 'த', 'க' அப்படியே பொருந்தும்.

உண்மையில் உழைக்க வேண்டியவை இரண்டு. 'நீ' என்று பொருள்படும் 'த்யூ'வில் வரும் உயிரொலிக்கு, உதட்டை 'ஊ' சொல்வதுபோல் குவித்து வைத்துக்கொண்டு உள்ளே 'ஈ' சொல்லச் சொல்லுங்கள். ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்தால் வகுப்பே கலகலக்கும், ஒலியும் வந்துவிடும். அடுத்தது தொண்டையில் பிறக்கும் 'ர'. தண்ணீர் வைத்துத் தொண்டையைக் கொப்பளிக்கும் இடத்தில் அது பிறக்கிறது. வராவிட்டால் விட்டுவிடுங்கள், நம் 'ர'வோடு பேசினாலும் பிரெஞ்சுக்காரர்களுக்குப் புரியும்.

பிரெஞ்சுச் சொல்லைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்கலாமா?

பிள்ளையின் நோட்டில் வேண்டாம். தமிழில் ஒரே 'ப'வுக்கு இரண்டு ஒலி. ரொட்டிக்கும் குளியலுக்கும் பிரெஞ்சில் முதல் ஒலிதான் வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் 'பேன்'. மீனும் நஞ்சும் இன்னும் மோசம். நடுவில் வரும் 'ஸ' ஒலி அழுத்தமாக வந்தால் மீன், அதிர்ந்து வந்தால் நஞ்சு. தமிழில் இரண்டையும் 'புவாசோன்' என்றுதான் எழுத முடியும்.

இங்கே நான் தமிழில் எழுதியிருப்பது பெரியவர்களான உங்களுக்கு ஒரு கைகாட்டியாக. உங்கள் பாடக் குறிப்பிலும் அப்படி எழுதி வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு எழுத்துக்குப் பதில் படமும் ஒலியும் கொடுங்கள்.

ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தருவதா, தமிழ் வழியாகவா? பாடப் புத்தகத்தில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் விளக்கம் இருக்கிறது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். விளக்கமே இல்லாமல் படம், சைகை, செயல் வழியாகப் புரியவைக்க முடிந்தால் அதுதான் முதல் தேர்வு. விளக்கித்தான் ஆக வேண்டும் என்றால், பிள்ளை வீட்டில் எந்த மொழியில் வாழ்கிறதோ அந்த மொழியில் விளக்குங்கள். தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் வழியாக விளக்கும்போது ஆங்கிலத்தின் சிக்கல்களையும் சேர்த்து அதன் தலையில் ஏற்றுகிறோம்.

ஓர் உதாரணம். 'ஜ சுயி உயித் ஆன்' என்று பிள்ளைகள் சொல்வதை எல்லா ஆசிரியர்களும் கேட்டிருப்பார்கள். 'நான் எட்டு வயதாக இருக்கிறேன்' என்ற ஆங்கில அமைப்பு அது. பிரெஞ்சில் 'ஜே உயித் ஆன்', அதாவது 'என்னிடம் எட்டு ஆண்டுகள் உள்ளன'. தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? எனக்கு எட்டு வயது. எனக்குப் பசி, 'ஜே ஃபேன்'. எனக்குத் தாகம், 'ஜே சுவாஃப்'. எனக்குப் பயம், 'ஜே பெர்'. எனக்குக் குளிர், 'ஜே ஃப்ருவா'. எனக்கு ஒரு தம்பி, 'ஜே அன் ப்தி ஃப்ரேர்'. தமிழில் 'எனக்கு' வரும் இத்தனை இடத்திலும் பிரெஞ்சில் 'ஜே' வருகிறது. ஒரே வகுப்பில் ஏழெட்டு வாக்கியங்கள் கையில் வந்துவிடும். 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குத் தெரியும்' இரண்டும் மட்டும் இதில் சேராது, அவற்றுக்குத் தனி வினை உண்டு ('ஜேம்', 'ஜ சே').

கிழமைகளும் அப்படித்தான். 'லன்தி' நிலாவின் பெயரில், நமக்குத் திங்கள். 'மார்தி' செவ்வாய்க் கோள், 'மெர்க்ரதி' புதன், 'ஜெதி' வியாழன், 'வான்ரதி' வெள்ளி. ஐந்து கிழமைக்கும் அதே கோள்கள், அதே வரிசை. கோள்களின் படத்தை ஒட்டிவிட்டு ஒருமுறை சொன்னால் போதும். சனியும் ஞாயிறும் மட்டும் விலகுகின்றன: 'சாம்தி' யூதர்களின் ஓய்வு நாளிலிருந்து வந்தது, 'திமான்ஷ்' ஆண்டவரின் நாள் என்ற பொருளில் வந்தது.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுங்கள். நாம், நாங்கள் என்ற வேறுபாடு பிரெஞ்சில் இல்லை, இரண்டுக்கும் 'நூ'. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே 'ஃப்ரேர்', வேண்டுமானால் பெரிய, சின்ன என்று முன்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிறம் பெயருக்குப் பின்னால் வரும்: கருப்புப் பூனை 'அன் ஷா நுவார்', பூனைதான் முதலில்.

மேஜை எப்படிப் பெண் ஆகும்? பிள்ளை கேட்கிறான், எனக்குப் பதில் தெரியவில்லை.

மேஜை பெண் இல்லை. 'மேஜை' என்ற சொல் ஒரு கூட்டத்தில் இருக்கிறது, 'புத்தகம்' என்ற சொல் இன்னொரு கூட்டத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். தமிழில் பொருளைப் பார்த்து ஆண்பால், பெண்பால் சொல்கிறோம். பிரெஞ்சில் பால் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆணைக் குறித்துச் சொன்னாலும் 'ஆள்' என்ற பொருளுடைய 'பெர்சொன்' எப்போதும் பெண்பால்தான். இதைச் சொன்னால் பிள்ளை சமாதானமாகிவிடும்.

சொல்லித் தரும்போது சொல்லைத் தனியாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 'தாப்ல்' என்று சொல்லாமல் 'லா தாப்ல்' என்றே சொல்லுங்கள். நோட்டு 'லெ காயே', அழிப்பான் 'லா கொம்', பென்சில் 'லெ கிரெயோன்'. படஅட்டையில் ஒரு கூட்டத்துக்கு ஒரு நிறம் என்று விளிம்பு போடுங்கள், நிறம் எதுவாக இருந்தாலும் வருடம் முழுக்க அதையே வைத்திருங்கள். தவறுவார்கள், பரவாயில்லை. கனடா பிள்ளைகளைப் பற்றி முதல் பதிலில் சொன்னேனே.

அப்பாவைப் போய் 'த்யூ' என்று ஒருமையில் சொல்வதா? மரியாதைக் குறைவு இல்லையா?

'த்யூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். ஒருவரை மரியாதையாக அழைக்கவும் பலரை அழைக்கவும் ஒரே சொல் என்பது தமிழைப் போலவே இருப்பதால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் வேறுபாடு. பிரெஞ்சு பேசும் வீடுகளில் பெரும்பாலும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோருக்கும் 'த்யூ'தான். அங்கே அது நெருக்கத்தின் அடையாளம். தெரியாத பெரியவர், கடைக்காரர் என்றால் 'வூ'.

வகுப்பில் நான் வைத்திருக்கும் வழக்கம்: ஒரு பிள்ளையிடம் 'த்யூ', மொத்த வகுப்பிடம் 'வூ', பிள்ளைகள் என்னிடம் 'வூ'. பிரெஞ்சுப் பள்ளிகளில் மிகச் சின்ன வகுப்புகளில் ஆசிரியரையே 'த்யூ' என்பதும் உண்டு, ஆனால் 'வூ' பழகிவிட்டால் பிறகு எங்கும் சங்கடம் வராது.

எப்போது வாசிக்க, எழுத ஆரம்பிக்கலாம்? எழுதுவதில் பாதி ஒலிப்பதே இல்லையே!

ஒரு சொல் பிள்ளையின் வாயில் இரண்டு மூன்று வாரம் புழங்கிய பிறகு அதன் எழுத்து வடிவத்தைக் காட்டுங்கள். ஒலி முதலில் பதிந்துவிட்டால், எழுத்தைப் பார்த்து ஆங்கில வாசிப்பில் சறுக்குவது குறையும்.

பிரெஞ்சு எழுத்து பார்ப்பதற்குத்தான் பயமுறுத்தும். எழுத்திலிருந்து ஒலிக்குப் போவதில் ஆங்கிலத்தைவிட ஒழுங்கு அதிகம். ஓ, யூ என்ற ஆங்கில எழுத்துகள் சேர்ந்து நின்றால் 'ஊ'. ஓ, ஐ சேர்ந்தால் 'உவா'. ஏ, யூ சேர்ந்தாலும் ஈ, ஏ, யூ சேர்ந்தாலும் 'ஓ'. சொல்லின் கடைசியில் வரும் டி (D), எஸ், டீ (T), எக்ஸ் பெரும்பாலும் ஊமை. சி, ஆர், எஃப், எல் பெரும்பாலும் ஒலிக்கும். ஊமை எழுத்தை மங்கலான நிறத்தில் எழுதிக் காட்டுங்கள்.

ஊமையாக இருந்த மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விழித்துக்கொள்ளும். 'லே', 'ஆமி' (நண்பர்கள்) சேர்ந்தால் 'லேசாமி'. பாலும் அடையும் சேர்ந்து பாலடை ஆவது போல மெய்மேல் உயிர் வந்து ஏறுகிறது. விதியாகச் சொல்ல வேண்டாம். ஒரே சொல் போலப் பழக்கிவிட்டால் தானாக வரும்.

எழுபதுக்கு மேல் எண்ணவே முடியவில்லை. என்ன கணக்கு இது?

70 என்பது 60+10, 'சுவாசான்த் தீஸ்'. 80 என்பது நான்கு இருபது, 'கத்ர் வேன்'. 99 என்றால் நான்கு இருபது, பத்து, ஒன்பது. நம் தொண்ணூறிலும் நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒளிந்திருக்கிறது. எண்களின் பெயர் கணக்குக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதில்லை.

முதல் வருடம் 31 வரை போதும், தேதி சொல்லிவிடலாம். அடுத்த வருடம் 69 வரை. பிறகு இருபது இருபதாகக் கட்டிய குச்சிக் கட்டுகளை எடுத்து 80, 90களை அடுக்கிக் காட்டுங்கள். பெரியவர்கள் குழம்பும் இடத்தில் பிள்ளைகளுக்கு அது கட்டு அடுக்கும் விளையாட்டு. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கு 'செப்தான்த்', 90க்கு 'நோனான்த்' என்று எளிய சொற்கள் இருக்கின்றன. கேட்டால் புரிய வேண்டும் என்பதற்காக அதையும் சொல்லி வையுங்கள்.

வகுப்பில் விளையாட்டுதான் நடக்கிறது. நோட்டில் ஒன்றுமே இல்லை. என்னதான் படிக்கிறாள்?

பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் 'எழுந்திரு, கதவைத் தொடு, மூக்கைத் தொடு' என்று பிரெஞ்சில் கேட்டு உடனே செய்கிற பிள்ளை, அந்த வாக்கியத்தை எழுதும் பிள்ளையைவிட அதிகம் தெரிந்து வைத்திருக்கிறது. சொல் கேட்டு உடலால் பதில் தரும் இந்த முறையை ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் வகுத்தார். சின்ன வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாதம் ஒருமுறை, பிள்ளைகள் பேசும் இரண்டு நிமிட ஒலிப்பதிவைப் பெற்றோருக்கு அனுப்புங்கள். நோட்டைப் பற்றிய கேள்வி நின்றுவிடும்.

தப்பாகச் சொன்னால் உடனே திருத்தணுமா?

விளையாட்டின் நடுவே நிறுத்தித் திருத்த வேண்டாம். 'ஜ சுயி உயித் ஆன்' என்று பிள்ளை சொன்னால், 'ஓ, த்யூ ஆ உயித் ஆன்!' என்று வியந்து பதில் சொல்லுங்கள். சரியான வடிவம் காதில் விழுந்துவிட்டது, பேச்சும் அறுபடவில்லை. ஒரே தவறு பலரிடம் தொடர்ந்து வந்தால் அடுத்த வகுப்பில் அதற்கென்று ஒரு விளையாட்டு வையுங்கள். பொருளே மாறிவிடும் தவறை மட்டும் அப்போதே சரிசெய்யலாம், மீன் கேட்கப் போய் நஞ்சு கேட்பதைப் போல.

என் மகன் வகுப்பில் வாயே திறப்பதில்லை. விட்டுவிடலாமா?

கேட்டதைச் செய்கிறானா என்று பாருங்கள். சரியான படத்தைத் தொடுகிறான், மற்றவர்களோடு சேர்ந்து உதடு அசைகிறது என்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை. தாய்மொழியிலும் பல மாதம் கேட்டுவிட்டுத்தானே பேசினான். தனியாக நிற்க வைத்துப் பேசச் சொல்லாதீர்கள். கைப்பாவை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். தானாகப் பேசாத பிள்ளை பாவைக்காகப் பேசும். கேட்டதும் புரியவில்லை, பல வாரமாக முன்னேற்றமும் இல்லை என்றால் காது சரியாகக் கேட்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தெல்ஃப் பிரிம் தேர்வு எழுத வைக்கலாமா?

அது பிரெஞ்சு அரசின் கல்வி அமைச்சகம் தரும் சான்றிதழ், ஆரம்பப் பள்ளி வயதுக்கென்று அமைந்தது. ஏ1.1, ஏ1, ஏ2 என்று மூன்று படிகள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கும் இருக்கும். ஏ1, ஏ2 படிகளில் ஒவ்வொரு பகுதிக்கும் 25 மதிப்பெண், மொத்தம் 100க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக் கூடாது. சான்றிதழ் காலாவதி ஆகாது.

ஆசைப்படும் பிள்ளை எழுதட்டும். ஆனால் வருடத்துக்கு 24 மணி நேரம் படிக்கும் பிள்ளையை ஒரே வருடத்தில் ஏ1க்குத் தள்ளாதீர்கள். ஏ1.1 அதற்காகத்தான் இருக்கிறது. தேர்வுக்காக வகுப்பு முழுதையும் மாதிரித் தாளாக மாற்றிவிட்டால், முதல் பதிலில் சொன்ன கூச்சமின்மை போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவருவது மிகவும் கடினம்.

ஒரு புத்தகத்தில் தொப்பிக் குறி இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. எது சரி?

இரண்டும் சரி. 1990 டிசம்பர் 6 அன்று பிரான்சின் அரசிதழில் எழுத்துச் சீர்திருத்தம் வெளியானது. அதன்படி ஆங்கில 'ஐ', 'யூ' எழுத்துகளின் மேல் வரும் தொப்பியை விட்டுவிடலாம். பொருள் மாறிவிடக்கூடிய ஒரு சில சொற்களில் மட்டும் அது நிலைக்கிறது. பிள்ளைகள் ஆசிரியையை அழைக்கும் 'மேத்ரெஸ்' என்ற சொல்லே இப்போது இரண்டு விதமாக எழுதப்படுகிறது. பழைய முறைக்கும் தடை இல்லை. உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். மற்றதை எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

மேல் வகுப்புக்குப் போனால் மறுபடி 'போன்ஜூர்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இத்தனை வருடம் படித்தது வீணா?

1974 அறிக்கை வந்த காலத்திலிருந்தே இருக்கும் பிரச்சினை இது. முன்பே தொடங்கிய பிள்ளைகளும் புதிதாகத் தொடங்குபவர்களும் ஒரே வகுப்பில் கலந்து, எல்லோரும் முதலிலிருந்து போகிறார்கள். தெரிந்ததையே கேட்டு அலுத்துப்போகும் பிள்ளைதான் பிரெஞ்சை முதலில் வெறுக்கிறது.

ஆகவே ஆரம்பப் பள்ளி ஆசிரியர் கடைசி மாதத்தில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: இந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரம் நடந்தது, எந்தத் தலைப்புகள், எந்த எண் வரை, எவற்றைப் பேசுவார்கள், எவற்றை வாசிக்க மட்டும் தெரியும், எந்த முப்பது வாக்கியங்கள் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அதோடு பிள்ளைகள் பேசிய ஒலிப்பதிவு ஒன்று. புதிய ஆசிரியர் அதைக் கேட்ட பிறகு 'போன்ஜூர்' பாடத்தை ஒரு நாளில் முடித்துவிட்டு, தெரிந்த பிள்ளைகளைத் தெரியாதவர்களுக்கு இணையாக உட்கார வைப்பார். பெற்றோரும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கலாம்.